தள்ளி நின்ற பிள்ளை

என் களப்பணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "குழந்தையைப் பொறுத்தவரை மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை." நீல மையில் என் கையெழுத்து. பக்கத்தில் எங்கள் பேராசிரியை போட்ட சிவப்பு டிக். அந்த வரியை எழுதி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரச் செட் வெடித்தது. உள்ளே அவளும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அப்பா மூன்றாம் நாள் போய்விட்டார். அவளுக்கு அப்போது ஆறு வயது முடியவில்லை. பிழைத்துவிட்டாள். வலது கையில் இரண்டு விரல் இருக்கிறது. இடது கையில் கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும் இருக்கிறது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. எழுதினால் மனப்பாரம் குறையும் என்று எங்கள் பாடத்தில் ஒரு இடத்தில் வரும். எனக்குக் குறையவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

சமூகப்பணி முதுகலை முதல் வருடத்தில் ஒரு பேப்பர் உண்டு. மனித நடத்தையும் வளர்ச்சியும். பிறந்ததிலிருந்து சாகிறவரை மனுசன் எப்படி வளர்கிறான், ஏன் இப்படி நடக்கிறான் என்று ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் அதில் இருக்கும். வாழ்க்கையை எட்டுப் படியாகப் பிரித்த கோட்பாடு ஒன்று. பசி தீர்ந்த பிறகுதான் பாதுகாப்பு, பாதுகாப்புக்குப் பிறகுதான் அன்பு என்று கோபுரம் மாதிரி அடுக்குகிற கோட்பாடு ஒன்று. பிள்ளையை நடுவில் வைத்து, சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், தெரு, அரசாங்கம் என்று வட்டம் வட்டமாக வரைவது இன்னொன்று. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எல்லாவற்றையும் மார்க்குக்காக உருப்போட்டேன். நம்பவில்லை. கோபுரத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் பக்கத்தில் கீழ்த் தட்டில் சோறு வேண்டும் என்றால் இரண்டாம் தட்டில் இருக்கிற பாதுகாப்பை விற்றுத்தான் ஆக வேண்டும்.

ஒருநாள் பேராசிரியை தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதலைப் பற்றிப் பாடம் எடுத்தார். நல்ல மனுசி. சென்னையில் படித்தவர். சத்தமாகப் பேசமாட்டார். அவர் சொன்ன சோதனை இதுதான். ஒரு அறை, அதில் தாயும் சின்னப் பிள்ளையும். தாய் எழுந்து வெளியே போகிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வருகிறாள். அவள் திரும்பி வருகிற அந்த நிமிசத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் ஒட்டுதல் சரியாக இருக்கிறது. போகாமல் தள்ளி நின்றால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், தாயிடம் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. இதுதான் பாடம்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. எழுந்து நின்றேன்.

"மேடம், இது எங்க ஊருக்குச் செல்லாது."

வகுப்பு சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. "ஏன் செல்லாது? சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

என் அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவள். மருந்து என்றால் வெடிமருந்து. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பேர் கிடையாது. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளிப் பொடி பூசிய சிலை மாதிரி இருப்பாள். புருவத்தில், காது மடலில், நகக்கண்ணில் எல்லாம் பொடி. நானும் என் தங்கையும் வாசலில் நிற்போம். ஓடக் கூடாது. தொடக் கூடாது. கை தெரியாமல் நீண்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் தெருவில் மருந்து அறைக்காரிகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் பழக்கம். நடக்கப் பழகும்போதே பழக்கிவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அதை முதலில் அணைக்க வேண்டும்.

"ஏ கழுத, தள்ளி நில்லு! ஒட்டிக்கிரும்!" இதுதான் அம்மா வேனை விட்டு இறங்கியதும் எங்களுக்குச் சொல்கிற முதல் வார்த்தை. எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே ஓலைத் தட்டி மறைப்புக்குள் போவாள். எண்ணெயைத் தேய்த்து, துணிசோப்பைப் போட்டு உரசி உரசிக் குளிப்பாள். கழற்றிய சேலை தனி வாளிக்குப் போகும். ஈரத் தலையோடு வெளியே வந்து, தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "இப்ப வாங்கடி" என்பாள். அதற்குப் பிறகு நாங்கள் போய் விழுவோம். அந்த விழுகையில் அம்மா மல்லாந்த நாளெல்லாம் உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வேனு வாசலுக்கு வர்ற நேரத்துல மட்டும் நோட்டை வச்சுக்கிட்டு யாராவது பாத்தா எங்க அம்மாவுக்கு எங்க மேல பாசம் இல்லைன்னுதானே மேடம் எழுதுவாக?" என்று கேட்டேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புத்தகத்துக்குத் தெரியாதது இது. நீங்க இதை எழுதணும்" என்றார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பேரே மருந்து என்று ஆகிவிட்டது. "ஏ மருந்து, தள்ளி உக்காரு, ஒட்டிக்கிரும்." "மருந்து வந்துருச்சு, தீப்பெட்டிய உள்ள வைங்கப்பா." கேலிதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அடுத்த பருவத்தில் களப்பணிக்கு இடம் கேட்டார்கள். நானே கேட்டு வாங்கினேன். வெம்பக்கோட்டை அணையைத் தாண்டிப் போனால் ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்துகிற மாலைநேரப் படிப்பு மையம் இருந்தது. ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, மையத்தில் சில நாள் கவனித்து, ஒருதடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, கோட்பாட்டோடு பொருத்தி எழுத வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து, கவனக்குறைவு என்று ஏதாவது பட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைக் குழந்தைப் பாதுகாப்பு ஆட்களிடம் கொண்டுபோவார்கள். படிக்கிற பிள்ளைகளின் எழுத்துதானே என்று யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். போன வருடம் ஒருத்தி எழுதிக் கொடுத்ததை வைத்து ஆள் வந்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியும்.

நான் தேர்ந்தெடுத்தது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். மையத்து டீச்சர் அவளுக்கு வைத்திருந்த பேர் ஊமைக்கோட்டான். "கேட்டா பதில் வராது. ஆனா மண்டைக்குள்ள எல்லாம் ஏறும்" என்றார். எழுத்து குண்டு குண்டாக இருக்கும். பாட்டுப் பாடிக் கைதட்டும்போது அவள் மட்டும் தட்டமாட்டாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதையும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் நகத்தில் சாம்பல் நிறம் இருந்தால் யாரும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டார்கள். அம்மா சேலையை நனைத்த வாளியில் கையை விட்டிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரி ஒருத்தி அங்கே போயிருந்தால், "ஏன் பாப்பா கை இப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வீட்டுக்குப் போன நாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். ரொம்ப மரியாதை.

"வாங்க டீச்சர், வாங்க. உள்ள ஒரே புழுக்கம், கரண்டு வேற இல்ல. இங்கனயே காத்தாட உக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டார். கடைக்கு ஆள் விட்டுக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அம்மா மருந்து அறையில் வேலை பார்த்தவள் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம புள்ளையா! பெறகென்ன. உங்களுக்குத் தெரியாததா நாங்க சொல்லப்போறோம்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கலரைக் குடித்தேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை தெரிந்தது. ஆட்டுக் கொட்டில் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டுச் சத்தம் ஒன்றும் இல்லை.

வேன் வந்தது. பிள்ளையின் அம்மா இறங்கினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். தலையிலிருந்து கால்வரை வெள்ளிப் பொடி. பிள்ளை துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். நெட்டுக்குத்தாக, அசையாமல். தாயும் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "வந்தீகளா டீச்சர், இருங்க குளிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நேரே மறைப்புக்குள் போனாள்.

அதே நிற்பு. நானும் என் தங்கையும் நின்ற நிற்பு. வகுப்பில் வாயால் சொன்னது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இதைவிட ஒரு ஆதாரம் வேண்டுமா? உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்போது மினி பஸ் ஆரன் அடித்தது. அதை விட்டால் சிவகாசிக்கு அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். "அக்காகிட்ட சொல்லிருங்கண்ணே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஓடி ஏறிக்கொண்டேன். அவர் பஸ் வரைக்கும் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதினேன். குலுக்கலில் எழுத்து கோணல்மாணலாகப் போனது. "தாய் பணியிலிருந்து திரும்பும்போது குழந்தை விலகி நிற்கிறது. இது ஒட்டுதல் குறைபாடு அல்ல. இப்பகுதியின் பாதுகாப்புப் பழக்கம். தாய் குளித்து வந்தபின் குழந்தை ஓடிச்சென்று தாயின் மடியில் விழுகிறது."

கடைசி வாக்கியத்தை நான் பார்க்கவில்லை. அந்த வீட்டில் பார்க்கவில்லை. என் வீட்டில், என் தாழ்வாரத்தில், பல வருடத்துக்கு முன்னால் பார்த்ததை எடுத்து அந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிட்டேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை. அதுதான் ஆகச் சங்கடம். சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன்.

நோட்டைக் கொடுத்தபோது பேராசிரியை முழுதாகப் படித்தார். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"குளிச்சிட்டு வந்தப்புறம் பிள்ளை போச்சா? நீங்க பாத்தீங்களா?"

"போச்சு மேடம்."

"எத்தனை நிமிஷம் கழிச்சு?"

"உடனே மேடம்."

டிக் போட்டார். துறைக் கருத்தரங்கில் என்னை வாசிக்கச் சொன்னார். கைதட்டினார்கள். மருந்து மருந்து என்று பின்வரிசையில் கத்தினார்கள். அன்று மதியம் கேண்டீனில் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெளிநாட்டுக்காரன் எழுதிய கோட்பாட்டை எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று கவிழ்த்துவிட்டது என்றேன்.

உண்மையில் அந்தக் கோட்பாட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை. திரும்பி வருகிற நேரத்தில் பார் என்றது. தாய் என்றைக்குத் தாயாகத் திரும்பி வருகிறாளோ அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அது வேனிலிருந்து இறங்குகிற நேரம் இல்லை, குளித்து முடித்து வெளியே வருகிற நேரம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். அந்த நேரத்தில் நான் மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

வெடித்த அன்று கல்லூரியில் இருந்தேன். போனில் வீடியோ வந்தது. புகை, ஓட்டம், அலறல். எங்கள் பக்கத்து ஆட்கள் வெடி என்று கேட்டால் முதலில் செய்வது ஒன்றுதான். நம் வீட்டு ஆள் எந்தக் கம்பெனி, வெடித்தது எந்தக் கம்பெனி என்று பார்ப்போம். அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுத்தாள்.

"எனக்கென்ன, இங்கனதான் இருக்கேன். கம்பெனி இல்லையாம்மா. எவனோ வீட்டுலயே வச்சுச் செஞ்சிருக்கான். சின்னப் புள்ள வேற மாட்டிக்கிருச்சாம். கையி போச்சாம்."

கம்பெனி இல்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நான் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் மையத்து டீச்சர் கூப்பிட்டார். அழுதுகொண்டு, "நம்ம ஊமைக்கோட்டான்" என்றார்.

அந்தச் செட்டில் நடந்தது இதுதான். கம்பெனிகளில் பாதி வேலை முடிந்த வெடிக் குழாயை ஒரு தரகன் வண்டியில் கொண்டுவந்து வீடுகளில் இறக்கிவிடுவான். மருந்தும் அவனே கொடுப்பான். குழாயில் மருந்தை அடைத்துத் திரி சொருகிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் கிடையாது, தீயணைக்க மணல் வாளி கிடையாது, ஒன்றும் கிடையாது. திரி சொருகுகிற ஓட்டை சின்னது. பெரிய விரலுக்கு ஆகாது. சின்ன விரல் வேண்டும். வெடித்த பிறகு செட்டுக்காரன் மேல், அதாவது செத்துப்போன அப்பா மேல், கேஸ் போட்டார்கள். லோடு இறக்கியவனை யாரும் தேடவில்லை. அவன் அடுத்த ஊரில் இறக்கிக்கொண்டிருப்பான். எல்லாருக்கும் தெரியும். நான் நோட்டில் வரைந்த வட்டங்களில் வீடு இருந்தது, பள்ளி இருந்தது, கம்பெனி இருந்தது, அரசாங்கம்கூட இருந்தது. தகரச் செட்டும் இல்லை, தரகனும் இல்லை.

மதுரை ஆஸ்பத்திரித் தீப்புண் வார்டுக்கு எங்கள் வகுப்பில் ஐந்து பேர் போனோம். பிள்ளையின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பிள்ளையின் பாவாடையை மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி வந்ததும் கூட வந்தவன் ஒருத்தன், "மறுப்பு நிலையில இருக்காங்க. துக்கத்துல முதல் கட்டம்" என்றான். படித்ததைச் சொன்னான், பாவம். "வாய மூடுறியா?" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினார்.

ஐந்து மாதம் அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. பரீட்சை எழுதினேன். களப்பணிக்கும் நல்ல மார்க். அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் பஸ் ஏறினேன். எழுதியதைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அந்த அம்மா கம்பெனிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அட்டை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே தூங்கினாள். நான் தரையில் உட்கார்ந்து நாலைந்து அட்டை மடித்தேன். எனக்கு மடிக்கத் தெரியும். பிறகு கேட்டேன். மனசில் இருந்ததே அந்த ஒரு கேள்விதான்.

"நீங்க குளிச்சிட்டு வந்தா பாப்பா உங்ககிட்ட ஓடியாருவாளா அக்கா?"

"எங்கிட்டு?" என்றாள் அவள். "நான் குளிச்சிட்டு வரயில அவ செட்டுக்குள்ள போயிருவா. அவரு கூப்புட்டுக்கிருவாரு. நானும் ஈரத்தலையோட உள்ள போயிருவேன். மூணு பேரும் சோத்துக்குத்தான் வெளிய வருவோம்."

அட்டை மடிப்பது நின்றுவிட்டது. நான் எழுதியதைச் சொன்னேன். பிள்ளை ஓடி வந்து மடியில் விழுந்ததாக எழுதியதை, ஒன்றும் தேவையில்லை என்று எழுதியதை, பாராமல் எழுதியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே எங்களுக்குள்ள சண்ட டீச்சர்" என்றாள். "நான் சொன்னேன், அந்தப் பொண்ணு புள்ள நகத்தப் பாத்துருச்சு. நம்ம பக்கத்துப் பொண்ணு, அதுக்கு மருந்து தெரியாதா? வீட்டுப் பின்னாடி இருக்க செட்டையும் பாத்துருச்சு. எழுதிக் குடுத்துரும், ஆளு வந்துரும்னேன். அவருக்கும் பயம். மிச்சம் கெடந்த மருந்து, குழாயி எல்லாத்தையும் அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாரு. லோடு வேணாம்னுட்டாரு. ரெண்டு வாரம் செட்டு பூட்டியே கெடந்துச்சு. புள்ள தெருவுல வெளாண்டா. முட்டியெல்லாம் செராய்ச்சுக்கிட்டு வருவா."

முன்னால் கிடந்த அட்டைகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"யாரும் வரல. தெனமும் ரோட்டப் பாப்போம். வரல. அவருதான் சொன்னாரு, ஏ புள்ள, அந்தப் பொண்ணு நம்மளக் காட்டிக் குடுக்கல. அதுவும் மருந்து வீட்டுப் புள்ளதான, நம்ம கஷ்டம் தெரிஞ்சு விட்டுருச்சு. அப்படின்னாரு. மறுநாளு லோடு எறங்குச்சு." அட்டையைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்தாள். "நானுந்தேன் சந்தோசப்பட்டேன் டீச்சர். நல்ல பொண்ணுன்னு சொன்னேன் உங்கள."

"நான் தெரிஞ்சு விடல அக்கா. எனக்குத் தெரியவே இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். ஆனா புரியல."

"அப்ப யாருக்குப் பயந்து நாங்க ரெண்டு வாரம் பூட்டி வச்சோம்?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ரொம்ப நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வரவில்லை. போய்விடு என்றும் சொல்லவில்லை.

பேராசிரியையிடம் மறுநாள் போய், நான் எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் தன் மேலும் தப்பு இருக்கிறது என்றார். "நான் கேட்டதுக்கு நீங்க சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதனால நம்பிட்டேன்" என்றார். மார்க்கைத் திருத்தச் சொன்னேன். அதற்கு வழி இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அந்த மார்க்கோடுதான் பட்டம் வாங்கினேன். என் அம்மா பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். நான் அதன் பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது விருதுநகரில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒட்டிப்போன தோலைப் பிரித்து விடுவதற்கும், கைக்குப் பயிற்சிக்கும். அவள் அம்மாவுக்குத் தனியாக ஆஸ்பத்திரியில் அலைய முடியாது. நான் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முதல் தடவை நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன், மூன்று பேரும் ஏறினோம். அப்படியே தொடர்கிறது. பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். இரண்டு விரலுக்கு நடுவில் பென்சிலைச் சொருகி எழுதுகிறாள். எழுத்து முன்னைவிடச் சின்னதாகிவிட்டது. வலிக்காமல் எழுத அதுதான் வழி என்று அவளே கண்டுபிடித்தது.

அவள் வயதுக்கு எட்டுப் படிக் கோட்பாட்டில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறது. என்னால் முடியுமா முடியாதா, அதுதான் இந்த வயதுப் பிள்ளையின் கேள்வி என்று. பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு நான் எழுதிய பதில். போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னிடம் கேட்டது வேறு. அவள் அம்மா சீட்டு வாங்கப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் இருந்தோம்.

"நீங்க ஏன் எங்ககூட வாரீக?" என்றாள். நேரடியாக, முகத்தைப் பார்த்து.

பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேன்ல. உன் கையச் சரியாப் பாக்காமப் போயிட்டேன். அதான்."

யோசித்தாள். "நான்தான் பின்னாடி வச்சிருந்தேன். யாரு வந்தாலும் காட்டாதன்னு அப்பா சொல்லியிருந்தாரு."

"தெரியும்."

"காட்டியிருந்தா நீங்க சொல்லியிருப்பீகளா?"

"சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா உன்மேல தப்பு இல்ல பாப்பா. ஒரு பொட்டுத் தப்பு இல்ல. நீ சின்னப் புள்ள. பாக்குறதுக்குத்தான் என்னைய அனுப்புனாக."

"அம்மா மேல?"

"இல்ல."

"அப்பா மேல?"

அவர் நாற்காலி போட்டார், கலர் வாங்கிக் கொடுத்தார், நம்பினார், கும்பிட்டார், தன் பிள்ளையின் விரலை வைத்துத் திரி சொருகினார், வெடித்தபோது அவளை வெளியே தள்ளிவிட்டுத்தான் எரிந்தார். இதில் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து பயிற்சி அறைக்குள் போனாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். பதில் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.